வைரஸோட வம்புக்குப் போற வம்பன்!

காலையில ஹாஸ்டல் மெஸ்ல நாலு இட்லியை உள்ளே தள்ளிட்டுத்தானே கிளாஸுக்கு ஓடி வந்தீங்க? சட்னி தண்ணியா இருந்துச்சு, சாம்பார்ல பருப்பைத் தேட வேண்டியிருந்துச்சுன்னு ஆயிரம் குறை சொல்லியிருப்பீங்க. சரி, அந்த இட்லிக்குள்ள இருந்த உளுந்து எந்த மண்ணுல விளைஞ்சது, எதுகிட்டேயிருந்து தப்பிச்சு உங்க தட்டுக்கு வந்ததுன்னு என்னிக்காவது யோசிச்சதுண்டா? இல்லேன்னா பையைத் தூக்குங்க. இந்த வாரம் நாம போற ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்கு.

புதுக்கோட்டைன்னதும் சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை, குடுமியான்மலை இசைக் கல்வெட்டுன்னு லிஸ்ட் போடுவீங்க. அதெல்லாம் தாராளமா பாருங்க. ஆனா இன்னிக்கு நம்ம பஸ் கிழக்கே போகுது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல ஆலங்குடி பஸ் ஏறி ஜன்னல் சீட் பிடிச்சுக்கோங்க. திருவரங்குளம் தாண்டினதும் ரெண்டு பக்கமும் செக்கச்செவேல்னு மண். தைலமரக் காடு, முந்திரித் தோப்பு, நடுநடுவே ஒரு கண்மாய். ஆலங்குடியைத் தாண்டிப் போகப் போக காட்சி மாறும். போர்வெல் தண்ணி பாயற தோட்டங்கள், வாழை, பலா, மல்லிகை, கத்தரி, மிளகாய், வெண்டை. வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம்னு சுத்துவட்டாரம் முழுக்கத் தோட்டப் பயிர்தான். 2018 நவம்பர்ல கஜா புயல் இந்தப் பக்கம் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்ச்சுட்டுப் போச்சு. மரம் மறுபடி காய்க்க வருஷக்கணக்காகும். கையில காசு உடனே வேணும்னா உளுந்து, பயறு, காய்கறிதான் கதி. அறுபது எழுபது நாள்ல பலன் தெரியும்.

அந்த அறுபது எழுபது நாளுக்குள்ள ஒருத்தன் புகுந்து ஆட்டத்தைக் கலைக்கிறான். அவனைப் பார்க்கத்தான் வம்பன்ல இறங்குறோம்.

ஊர் பேரே வம்பன்தான். யாரும் யாரையும் வம்புக்கு இழுக்கறதில்லை, பயப்படாதீங்க. இங்கேதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கு. வேளாண்மை அறிவியல் நிலையமும் இங்கேயே இருக்கு. உள்ளே போக முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கறது நல்லது. தாவரவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறவங்க உங்க துறை மூலமா ஒரு கடிதம் போட்டுட்டுப் போங்க.

வயலுக்குள்ள வந்தா முதல்ல கண்ணைப் பறிக்கிறது ஒரு மஞ்சள். 'ஆஹா, என்னமா பூத்திருக்கு'ன்னு செல்ஃபிக்குத் தயாராகாதீங்க. அது பூ இல்லை, இலை. பச்சை இலையில எலுமிச்சை நிறத்துல திட்டுத் திட்டா ஆரம்பிச்சு, பிறகு இலை முழுக்கவே மஞ்சளாகிடும். இதுதான் மஞ்சள் தேமல் நோய். முளைச்ச சில வாரத்துலயே தாக்கிட்டா அந்தச் செடியில காய்ங்கற பேச்சுக்கே இடமில்லை. கொஞ்சம் லேட்டா வந்தா காய் வரும், ஆனா குட்டியா, வளைஞ்சு, உள்ளே நோஞ்சான் விதையோட வரும்.

பரப்புறது வெள்ளை ஈ. தலைமுடிப் பேன் அளவுகூட இருக்காது. நோய்ச்செடியில உட்கார்ந்து சாறு உறிஞ்சும்போது வைரஸையும் சேர்த்து உறிஞ்சிக்கும். அப்புறம் நாள் கணக்குல அதைச் சுமந்துக்கிட்டு செடி செடியா விருந்துக்குப் போகும். போற இடமெல்லாம் மொய் வச்சுட்டு வரும். வெயில் ஏறுற பட்டத்துல இதோட கொட்டம் தாங்காது.

இந்த வைரஸ் ஜெமினி வைரஸ்ங்கற குடும்பத்தைச் சேர்ந்தது. ஜெமினின்னா மிதுன ராசி, அதாவது இரட்டையர். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பார்த்தா ரெண்டு உருண்டை ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். நீளம் 30 நானோமீட்டர், அகலம் 18. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமா நறுக்கினா ஒரு துண்டுதான் ஒரு நானோமீட்டர். 'காதல் மன்னன்' ஜெமினி கணேசன் 1920ல பிறந்ததும் இதே புதுக்கோட்டையிலதான். அவருக்கு அந்தப் பேர் வந்தது அவர் வேலை பார்த்த ஜெமினி ஸ்டுடியோவால. இந்த ஜெமினிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, சும்மா சொல்லணும்னு தோணுச்சு!

இப்போ ஒரு கேள்வி. நோயை ஒழிக்கறதுக்குன்னு இருக்கிற ஆராய்ச்சி மையத்து வயல்ல நோய் இவ்வளவு ஜோரா எப்படி? விஷயம் அங்கேதான் இருக்கு. அந்த மஞ்சள் வரிசைகள் வேணும்னே விதைச்சவை. கோ 5ன்னு ஒரு உளுந்து ரகம், மஞ்சள் தேமலுக்கு உடனே மடங்கிடும். சோதனை ரகங்களுக்கு நடுவுல குறிப்பிட்ட வரிசைக்கு ஒரு தடவை இந்தக் கோ 5ஐ விதைச்சுடுவாங்க. வெள்ளை ஈக்களுக்கு அது இலவச கேன்டீன். அங்கே தின்னுட்டு ரெண்டு பக்கமும் இருக்கிற புது ரகங்கள் மேல போய் உட்காரும். எது மடங்குது, எது நிமிர்ந்து நிக்குதுன்னு 1லேர்ந்து 9 வரைக்கும் மார்க் போடுவாங்க. நம்ம செமஸ்டருக்கு நேர் எதிர்: இங்கே குறைஞ்ச மார்க் எடுத்தவர்தான் பாஸ். வம்பன் வட்டாரத்துல இந்த நோய் இயற்கையாவே அதிகம்ங்கறதால, இங்கே தாக்குப் பிடிச்ச ரகத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

அப்படித் தாக்குப் பிடிச்சு வந்தவைதான் பேருக்குப் பின்னால நம்பரோட கடையில கிடைக்குது. 1987ல வம்பன் 1 வந்தது. 2016ல வம்பன் 8, 2020ல வம்பன் 11. நம்பர் ஏன் ஏறிக்கிட்டே போகுது? மகசூல், காய் முதிர்ச்சின்னு பல காரணம் இருக்கு. அதுல ஒண்ணு, வைரஸ் சும்மா உட்கார்ந்திருக்காதுங்கறது. தக்காளியில நடந்ததைக் கேளுங்க. தேமல் வைரஸை எதிர்க்கிற ஒரு மரபணுவைத் தக்காளிக்குள்ள கொண்டு வந்து பல பத்தாண்டுகளா உலகம் முழுக்க நிம்மதியா இருந்தாங்க. 2014ல இஸ்ரேல்லயும் 2015ல ஜோர்டான்லயும் அந்த மரபணுவையே ஏமாத்திட்டு ஒரு புது வைரஸ் கிளம்பிடுச்சு. பழத்துல பழுப்புச் சுருக்கம் விழும். அது பல நாடுகளுக்கு விதைப் பாக்கெட்டுலயும் நாற்றுலயும் டிக்கெட் வாங்காமப் பயணம் பண்ணிடுச்சு.

விதைப் பாக்கெட்டுன்னு சொன்னேன் பாருங்க, இனி நம்ம கதை அதுதான். வெள்ளை ஈயை வலை போட்டுத் தடுக்கலாம், மஞ்சள் அட்டையில பசை தடவித் தொங்கவிட்டுப் பிடிக்கலாம், வயலைச் சுத்தி மக்காச்சோளம் விதைச்சு வேலி கட்டலாம். ஆனா எதிரி விதைக்குள்ளயே உட்கார்ந்து வந்தா? கோட்டைக் கதவைச் சாத்திட்டு உள்ளே இருக்கிற ஆளைத் தேடுற கதைதான்.

எல்லா வைரஸும் விதையில ஏறாது. அதுக்கு ஒரு அழகான காரணம் இருக்கு. விதையோட தோல் இருக்கே, அது அம்மா செடியோட உடம்பு. உள்ளே இருக்கிற கருதான் பிள்ளை. அம்மாவோட உடம்புல ஓடுற குழாய்கள் கருவுக்குள்ள நேரடியாப் போறதில்லை. அதனால அம்மா நோயில படுத்திருந்தாலும் பல சமயம் பிள்ளை தப்பிச்சுடும். ஆனா சில வைரஸ்கள் கில்லாடி. பூ பூக்கிற காலத்துல மகரந்தத்துலயோ சூலுலயோ முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துக்கும். இன்னும் சில, கரு ரொம்பச் சின்னதா இருக்கும்போது அதுக்கு ஊட்டம் குடுக்கிற தற்காலிகக் காம்பு வழியா நுழைஞ்சுடும். காம்பு காயறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். பட்டாணியில இந்த வழியை 1990கள்ல கண்டுபிடிச்சாங்க.

தட்டைப்பயறு, அதாங்க காராமணி, அதுல தேமல் வைரஸ் விதை வழியாவே வரும். வீட்டுப் பந்தல்ல பச்சைக் காயாப் பறிச்சுப் பொரியல் பண்றீங்களே, அதே காராமணிதான். உளுந்துல இலைச் சுருக்க நோய்னு ஒண்ணு. இலை வழக்கத்தைவிடப் பெருசாகி, அயர்ன் பண்ணாத சட்டை மாதிரி சுருங்கிக் கிடக்கும். அதுவும் விதையில ஏறி வர்ற ஆசாமி. நம்ம மஞ்சள் தேமல் மட்டும் ரொம்ப வருஷமா 'இது ஈ வேலை, விதைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை'ன்னு எழுதப்பட்டு வந்தது. 1960லயே டெல்லியிலேர்ந்து பாசிப்பயறுல இந்த நோயைப் பத்தி ஆய்வுக் கட்டுரை வந்தாச்சு. ஆனா 2016ல வெளியான ஒரு ஆய்வுல, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோய் வந்த உளுந்துச் செடியோட விதைகளைப் பிரிச்சுப் பார்த்து, உள்ளேயே வைரஸ் இருக்குன்னு காட்டினாங்க. விதையில இருக்கறது வேற, அதுலேர்ந்து முளைக்கிற செடிக்கு நோயாப் போறது வேற. ரெண்டாவது எவ்வளவு தூரம் நடக்குதுங்கறதுல இன்னும் விவாதம் உண்டு. வெள்ளை ஈதான் இப்பவும் முதல் குற்றவாளி. இருந்தாலும் 'விதையைப் பத்திக் கவலையே வேணாம்'னு இனி யாரும் தைரியமாச் சொல்ல முடியாது.

ஏன் இதைப் பெருசு பண்றேன்னு நினைக்கிறீங்களா? கால்குலேட்டரை எடுங்க. ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதைன்னு சிபாரிசு. ஆயிரம் உளுந்தோட எடை 40லேர்ந்து 50 கிராம். அப்போ 8 கிலோவுல சுமார் 1,60,000லேர்ந்து 2,00,000 விதை. ஆயிரத்துல ஒண்ணே ஒண்ணுலேர்ந்து நோய்ச்செடி முளைக்குதுன்னு வச்சுக்குவோம். கேட்க அற்பமா இருக்கா? வயல்ல 160லேர்ந்து 200 செடி முதல் நாள்லேர்ந்தே நோயோட நிக்கும். அதுவும் ஒரே மூலையில இல்ல, ஏக்கர் முழுக்கச் சிதறி. ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் கோ 5! ஈ எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்துலயே கேன்டீன்.

சரி, அந்த ஆயிரத்துல ஒண்ணை எப்படிக் கண்டுபிடிக்கறது? நூறு விதை எடுத்துச் சோதிச்சா அது மாட்டுறதுக்கான வாய்ப்பு பத்து சதவிகிதம்கூட இல்லை. 95 சதவிகிதம் நிச்சயமாப் பிடிக்கணும்னா 3,000 விதையாவது வேணும். புள்ளியியல் பேப்பர்ல அரியர் வச்சிருக்கிறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க, சுவாரஸ்யமா இருக்கும். கலிபோர்னியாவுல சாலினாஸ் பள்ளத்தாக்குன்னு ஒரு இடம். பர்கர் நடுவுல வைக்கிறாங்களே லெட்டூஸ் கீரை, அது அங்கே பிரதானப் பயிர். அதுல விதை வழியா வர்ற தேமல் வைரஸ் ஒருகாலத்துல ஆட்டி வச்சது. கடைசியில அவங்க போட்ட கட்டளை: 30,000 விதையைச் சோதிக்கணும், ஒண்ணுலகூட வைரஸ் இருக்கக் கூடாது. ஒண்ணு, ரெண்டு பரவாயில்லைங்கற சலுகையே கிடையாது. கூடவே அசுவினியைக் கட்டுப்படுத்தி, லெட்டூஸ் பயிரிடாத இடைவெளி விட்டு, அந்த நோயை அடக்கினாங்க.

சோதனைன்னதும் பெரிய மெஷின்தான் ஞாபகம் வரும். ஆனா அடிப்படைச் சோதனை நம்ம ஊர்த் திருவிழாவுலயே இருக்கு. முளைப்பாரி! மாரியம்மன் கோயில் கொடை, திருவிழான்னா புதுக்கோட்டைப் பக்கம் அக்காமார் தலையில முளைப்பாரி இல்லாம இருக்காது. மண் பாத்திரத்துல எரு போட்டு, நவதானியத்தைத் தூவி, தண்ணி தெளிச்சு, எது எப்படி முளைக்குதுன்னு பார்க்கறது. இது விதைச் சோதனைதான்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. முளைப்புத் திறனைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனா வைரஸ் விஷயத்துல முளைப்பாரி கைகொடுக்காது. ஏன் தெரியுமா? அதை இருட்டு அறையில வளர்க்கிறோம். வெளிச்சம் இல்லாததால எல்லா முளையுமே வெளிர் மஞ்சளாத்தான் வரும். எல்லாரும் மஞ்சளா நிக்கிற கூட்டத்துல நோயாளி எது, நல்லது எதுன்னு எப்படிச் சொல்றது?

ஆராய்ச்சிக்கூடத்துல இதையே வெளிச்சத்துல பண்றாங்க. பூச்சி நுழையாத வலைக் கூண்டுக்குள்ள விதையை முளைக்க வச்சு, நிஜமான இலை ரெண்டு மூணு வர்ற வரைக்கும் காத்திருந்து பார்க்கறது. ஈ வந்து குடுக்கல, அப்பவும் நோய் வந்துச்சுன்னா, விதைதான் குடுத்திருக்கு. செலவு கம்மி. ஆனா வாரக்கணக்குல ஆகும், இடம் நிறைய வேணும். எல்லா நாற்றும் நோயைக் காட்டிக்கொடுக்கும்னும் சொல்ல முடியாது. சிலது வைரஸை வச்சுக்கிட்டே பச்சைப் புள்ளை மாதிரி நிக்கும்.

அடுத்தது எலைசா. 96 குழி இருக்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டு, பணியாரச் சட்டியோட குட்டித் தங்கச்சின்னு வச்சுக்கோங்க. குழிக்குள்ள அந்த வைரஸை மட்டும் பிடிச்சு வச்சுக்கிற எதிர்ப்புரதம் பூசியிருக்கும். விதையை அரைச்சு ஊத்தினா, வைரஸ் இருந்தா ஒட்டிக்கும், இல்லேன்னா கழுவும்போது போயிடும். கடைசியா நிறம் காட்டுற ரசாயனம் ஊத்தினா வைரஸ் இருக்கிற குழி மஞ்சளாகும். இங்கேயும் மஞ்சள்தான், பாருங்க! தாவர வைரஸ்களுக்கு இந்த முறையை 1977ல இங்கிலாந்துல வடிவமைச்சுக் குடுத்த பிறகுதான், ஒரே நாள்ல ஆயிரக்கணக்கான விதையைச் சோதிக்க முடிஞ்சது. ஒவ்வொரு விதையாவும் அரைக்க வேண்டாம், கொத்துக் கொத்தாச் சேர்த்து அரைக்கலாம்.

அதுக்கும் மேல பி.சி.ஆர். 2020ல மூக்குல குச்சி விட்டுப் பார்த்தாங்களே, அதே டெக்னிக்தான். வைரஸோட மரபணுத் துண்டைக் கோடிக்கணக்குல ஜெராக்ஸ் எடுத்துக் காட்டும். ரொம்பக் கூர்மை. ஆனா ஒரு குறை, அது உயிரோட இருக்கிற வைரஸா, செத்த வைரஸோட மிச்சமான்னு சொல்லாது. அதனால பி.சி.ஆர். 'இருக்கு'ன்னு சொன்னாலும் விதையை முளைக்க வச்சுப் பார்க்கிற பழைய வழிக்கு வேலை போகலை.

கண்டுபிடிச்சாச்சு. விரட்டறது எப்படி? இது வைரஸ் எங்கே உட்கார்ந்திருக்குங்கறதைப் பொறுத்தது.

தக்காளி, மிளகாய், வெள்ளரி மாதிரிப் பயிர்கள்ல வர்ற சில தேமல் வைரஸ்கள் பெரும்பாலும் விதைத் தோல் மேல ஒட்டிக்கிட்டிருக்கும். குச்சி மாதிரி வடிவம், 300 நானோமீட்டர் நீளம், அசாத்திய ஆயுசு. காய்ஞ்ச விதை மேலயே வருஷக்கணக்குல கிடக்கும். நாத்து பிடுங்கி நடுறப்போ வேர்லயோ இலையிலயோ சின்னக் கீறல் விழுந்தா உள்ளே போயிடும். நம்ம கையாலயே ஒரு நாத்துலேர்ந்து இன்னொண்ணுக்குப் பரப்பிடுவோம். இப்படி வெளியே உட்கார்ந்திருக்கிறவனைக் கழுவி விரட்டலாம். டிரை சோடியம் பாஸ்பேட்டுன்னு ஒரு உப்பு, அதை 10 சதவிகிதக் கரைசலாக்கி விதையை ஊற வச்சு, பிறகு ஓடுற தண்ணியில நல்லா அலசிக் காய வைக்கறது பழைய, நம்பகமான முறை. கையைப் புண்ணாக்கிடும், உறையில்லாமத் தொடாதீங்க. உளுந்துக்கும் இதையே செய்யலாமான்னு கேக்காதீங்க. உளுந்தை அப்படி ஊற வச்சீங்கன்னா தோல் கழண்டு, அப்புறம் மாவாட்ட வேண்டியதுதான்!

தோலுக்குக் கொஞ்சம் உள்ளே போயிட்டா கழுவல் எட்டாது. அதுக்குச் சூடு. ஜப்பான், கொரியா விதைக் கம்பெனிகள் தர்பூசணி, வெள்ளரி விதைகளை முதல்ல நல்லா உலர்த்தி, 70 டிகிரிக்கும் கொஞ்சம் மேல உலர் வெப்பத்துல மூணு நாள் மாதிரி வைக்கறாங்க. வைரஸ் செத்துடணும், விதை சாகக் கூடாது. கத்தி மேல நடக்கிற வேலை. ஈரப்பதம் கொஞ்சம் கூட இருந்தாலும் விதை வெந்துடும். வீட்டு அடுப்புல முயற்சி பண்ணி என் பேரைச் சொல்லிடாதீங்க.

கருவுக்குள்ளயே போயிட்டா? கழுவலும் கிடையாது, சூடும் கிடையாது. பிள்ளையைக் கொல்லாம உள்ளே இருக்கிறவனைக் கொல்ல வழியில்லை. வாழை, உருளைக்கிழங்குன்னா நுனிக் குருத்தைத் துளியூண்டு வெட்டி, ஆய்வகத்துல வளர்த்து சுத்தமான செடி எடுக்கலாம். ஒரு ரூபா விதைக்கு அந்த வித்தையெல்லாம் கட்டுப்படியாகாது. அங்கே ஒரே வழி, நோய் வராத தாய்ச்செடியிலேர்ந்து விதை எடுக்கறது. வம்பன் பண்றது இந்த வேலையைத்தான். வைரஸை விதையிலேர்ந்து எடுக்கறதைவிட, வைரஸ் பெருக முடியாத செடியை உருவாக்கிட்டா விதைக்குள்ள போக ஆளே இருக்காதில்லையா? அதனாலதான் ஆண்டுக்கணக்குல மஞ்சள் வரிசைக்கு நடுவுல நின்னு மார்க் போட்டுக்கிட்டு இருக்காங்க.

அங்கேயிருந்து விவசாயி கைக்கு விதை வர்ற பாதையும் தெரிஞ்சுக்கோங்க. ரகத்தை உருவாக்கினவங்க குடுக்கறது வல்லுநர் விதை, பொன்மஞ்சள் அட்டை. அதைப் பெருக்கினா ஆதார விதை, வெள்ளை அட்டை. அதையும் பெருக்கினா சான்று விதை, நீல அட்டை. விதைச் சான்று அலுவலர் வயலுக்கே வந்து பார்ப்பார். அப்புறம் ஆய்வகத்துல சோதனை. உளுந்து சான்று விதைன்னா முளைப்புத் திறன் குறைஞ்சது 75 சதவிகிதம், சுத்தம் 98 சதவிகிதம், ஈரப்பதம் 9க்கு மேல போகக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாருங்க, வைரஸுக்குன்னு ஒரு வரி இருக்காது. லட்சக்கணக்கான மூட்டைக்கு எலைசா பண்ற வசதியும் காசும் லேசுல வராதுதான். இருந்தாலும் அந்த ஒரு வரி இல்லாதது என் கண்ணுல உறுத்துது. தாவர நோயியல் படிக்கிறவங்க யாராவது மலிவான, வயல்லயே பார்க்கக்கூடிய ஒரு சோதனையை உருவாக்கினா, வேலை தேடி அலைய வேண்டாம், வேலை தேடி வரும்.

இன்னொரு பக்கம், இந்த மாவட்டத்துல நிறைய வீடுகள்ல கடை விதையே கிடையாது. அப்பத்தா எடுத்து வச்ச விதைதான். காராமணி நெத்து, பாகல் விதை, கத்தரி விதை எல்லாம் சாம்பல்ல புரட்டி, துணியில முடிஞ்சு, பரண்ல தொங்கும். 'இதெல்லாம் பழைய பஞ்சாங்கம்'னு தள்ளாதீங்க. அந்தப் பையிலதான் எந்தக் கடையிலயும் கிடைக்காத ரகமெல்லாம் இருக்கு. சாம்பல் வண்டை விரட்டும். வைரஸ் சாம்பலுக்கு அசையாது. அப்பத்தா எப்படி விதை எடுப்பாங்க? நல்ல திரட்சியான காயாப் பார்த்து விதைக்கு விடுவாங்க. காயைப் பார்க்கிற அந்தக் கண்ணு, பூக்கறதுக்கு முன்னாடியே செடியையும் பார்த்துட்டாப் போதும். எந்தச் செடியில இலை தேமலோ சுருக்கமோ இல்லாம இருக்கோ, அதுக்கு ஒரு கலர் நூல் கட்டிடணும். நூல் கட்டின செடியிலேர்ந்து மட்டும் விதை. தேமல் வந்த செடியில காய் எவ்வளவு அழகா இருந்தாலும் குழம்புக்குத்தான், பரணுக்கு இல்லை. முளைச்ச முதல் ரெண்டு மூணு வாரத்துல வயல்ல நடந்து, நோய்ச்செடியைக் கண்டதும் பிடுங்கி அப்புறப்படுத்திட்டா இன்னும் நல்லது. ஊருக்குப் போறப்போ உங்க அப்பத்தாகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. 'எனக்கே விதை எடுக்கச் சொல்லித் தர்றியாடா'ன்னு ரெண்டு திட்டு விழும், வாங்கிக்கோங்க. மறுநாள் நூல் கட்டியிருப்பாங்க.

வம்பன்ல பார்த்து முடிச்ச பிறகும் பொழுது இருந்தா, புதுக்கோட்டை திரும்பி மேற்கே குடுமியான்மலைக்கு ஒரு பஸ் பிடிங்க. இசைக் கல்வெட்டு இருக்கிற அதே ஊர்ல 2014லேர்ந்து அரசு வேளாண்மைக் கல்லூரியும் இயங்குது. உங்க வயசுப் பசங்க, பொண்ணுங்க படிக்கிற இடம். வயல்ல முட்டி வரைக்கும் சேறோட நின்னு நோட்ஸ் எடுக்கிற அவங்களோட பேசினீங்கன்னா, நான் இங்கே விட்டுப்போனதையும் சொல்வாங்க.

போறதுக்குச் சரியான நேரம் வெயில் ஏற ஆரம்பிச்ச பிறகு. அப்போதான் வெள்ளை ஈ உச்சத்துல இருக்கும், கோ 5 வரிசைகள் முழு மஞ்சள்ல நிக்கும், பக்கத்துப் பச்சை வரிசைகளோட வித்தியாசம் தூரத்துலேர்ந்தே தெரியும். தொப்பி, தண்ணி பாட்டில் மறக்காதீங்க. ஒரு முக்கியமான விஷயம்: வயல்ல நடக்கும்போது கை சும்மா இருக்காது, நாலு காய்ஞ்ச காயைப் பறிச்சுப் பாக்கெட்ல போட்டுக்கத் தோணும். வேணாம். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி பேன்ட் மடிப்பு, பை ஓரம் எல்லாத்தையும் அங்கேயே ஒரு தடவை உதறிடுங்க.